முடிவிலிக்குள் வீழ்ந்த இசைத்தொகுப்பு: 1997இல் ட்ரீம் தியேட்டருக்கு நேர்ந்தது

1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி ட்ரீம் தியேட்டர் என்னும் அமெரிக்க இசைக்குழுவின் நான்காவது முழுநீள இசைத்தொகுப்பு வெளியானது. ‘ஃபோலிங் இன்டு இன்ஃபினிற்றி’ என்பது அதன் பெயர். முடிவிலிக்குள் வீழ்தல் என்று தமிழில் சொல்லலாம். 11 பாடல்கள், 78 நிமிடங்கள். அட்டையை வடிவமைத்தவர் ஸ்ரோம் தோர்கசன். பிங்க் ஃபுளொயிட் குழுவின் புகழ்பெற்ற அட்டைகளைத் தந்த அதே மனிதர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்த இரசிகர்களுக்கு அந்த அட்டையே ஒரு வாக்குறுதியாகத் தெரிந்திருக்கும். முதற்பாடல் எட்டு நிமிடத்திற்கு மேல் ஓடி நம்பிக்கையையும் கொடுத்தது. இரண்டாவது பாடல் தொடங்கி ஒரு நிமிடம் செல்வதற்குள் பலருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் அப்படித்தான்.

ஓர் இசைத்தொகுப்பு ஏமாற்றுவது பெரிய வரலாற்று நிகழ்வா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இந்த ஒன்றின் பின்னணியில் ஒரு கதை இருக்கிறது. ஒரு கலைஞர் குழுவுக்கும் அதற்குப் பணம் போட்ட நிறுவனத்துக்கும் இடையே நடந்த இழுபறியின் கதை அது. அக்கதையை இரசிகர்கள் ஒரு விதமாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். பத்து ஆண்டுகள் கழித்து வேறு சில சான்றுகள் கிடைத்தபோது அந்த நம்பிக்கை ஓரளவு ஆட்டங்கண்டது. அதனாலேயே இதை எழுதத் தோன்றியது.

இந்த வகை இசையோடு பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ‘புரோகிறசிவ் மெற்றல்’ என்பது இரண்டு மரபுகளின் கலப்பு. 1970களில் யெஸ், ஜெனசிஸ், ரஷ் போன்ற குழுக்கள் ரொக் இசையை மூன்று நிமிடப் பாடலின் சட்டகத்திலிருந்து விடுவித்து, இருபது நிமிடம் நீளும் பல பகுதிகள் கொண்ட ஆக்கங்களாக வளர்த்தன. மறுபுறம் அயர்ன் மெய்டன், மெற்றாலிக்கா போன்றவை கனத்த கிற்றார் ஒலியையும் வேகத்தையும் தந்தன. இவ்விரண்டும் சேர்ந்த இடமே இந்த வகை. இதில் தாளம் நான்கு நான்காக நடக்காது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று மாறிக்கொண்டே இருக்கும். கண்ட சாபுவையும் மிச்ர சாபுவையும் கேட்டுப் பழகிய காதுக்கு ஐந்தும் ஏழும் புதியவை அல்ல. ஆனால் கர்நாடக இசையில் எடுத்துக்கொண்ட தாளம் கீர்த்தனை முடியும்வரை மாறாது. இங்கே ஒரு பாடலுக்குள்ளேயே தாளம் பத்துத் தடவை மாறும். அந்தத் தடுமாற்றத்தை இரசிப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பழகியவர்கள் பிறகு எளிதில் விட்டு விலகுவதில்லை.

1985ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலுள்ள பேர்க்லி இசைக் கல்லூரியில் பயின்ற மூன்று மாணவர்கள் தொடங்கியதே இக்குழு. கிற்றார் வாசித்த ஜோன் பெற்றூச்சி, பேஸ் கிற்றார் வாசித்த ஜோன் மையுங், டிரம்ஸ் வாசித்த மைக் போர்ட்னோய் ஆகிய மூவரும் நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியைச் சேர்ந்தவர்கள். பெற்றூச்சியின் இளமைக்கால நண்பரான கெவின் மூர் கீபோர்ட் வாசிக்கச் சேர்ந்தார். முதலில் வைத்த பெயர் ‘மஜெஸ்ரி’. அதே பெயரில் வேறொரு குழு இருந்தமையால் அதைக் கைவிட நேர்ந்தது. புதிய பெயரைச் சொன்னவர் போர்ட்னோயின் தந்தையார். கலிபோர்னியாவின் மொன்ரறே நகரில் இருந்த ஒரு திரையரங்கின் பெயர் அது. 1989இல் வந்த முதல் தொகுப்பு கவனிக்கப்படவில்லை. பாடகர் விலக, இரண்டு ஆண்டுத் தேடலுக்குப் பின்னர் 1991இல் கனடாவிலிருந்து ஜேம்ஸ் லப்ரி வந்து சேர்ந்தார்.

1992இல் அட்கோ நிறுவனத்தின் மூலம் ‘இமேஜஸ் அன்ட் வேர்ட்ஸ்’ வெளிவந்தது. காலத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்து, 1992 ஜனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போயிருந்தது. வாத்தியத் திறமையைக் காட்டுவதே பழமையின் அடையாளம் என்று கருதப்பட்ட வேளை அது. அப்படியான நேரத்தில் எட்டு நிமிட நீளமுள்ள ‘புல் மீ அண்டர்’ என்ற பாடல் வானொலியில் ஓடியது. சுருக்கப்பட்ட வடிவில் எம்.ரி.வி.யிலும் ஓடியது. பில்போர்ட் சஞ்சிகையின் ரொக் வானொலிப் பட்டியலில் பத்தாம் இடத்தை எட்டியது. தொகுப்புக்கு அமெரிக்காவில் ஐந்து இலட்சம் பிரதிகளுக்கான தங்கத் தகுதி கிடைத்தது. குழுவினரே இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பின்னாளில் நடந்தவை யாவற்றுக்கும் வித்து இந்த வெற்றிதான் என்பது என் கணிப்பு. தோல்வியடைந்த கலைஞனை நிறுவனம் கைவிட்டுவிடும். பெருவெற்றி பெற்றவனை அவன் போக்கில் விட்டுவிடும். தற்செயலாக ஒரேயொரு முறை வென்றவனைத்தான் அது நிம்மதியாக இருக்க விடாது. இன்னொரு ‘புல் மீ அண்டர்’ எங்கே என்ற கேள்வி அக்குழுவை ஐந்து ஆண்டுகள் துரத்தியது.

அந்தப் பாடலை நான் கேட்டது பிரதியெடுத்த ஒரு கசெற்றில். இரவுப் பணியில் இருந்த இளம் சக ஊழியர் ஒருவர் தந்தது. பிரதியின் பிரதி என்பதால் உயர்ந்த சுரங்கள் எல்லாம் மங்கியிருந்தன. ஆயினும் ‘மெற்ரோபொலிஸ் - முதற்பாகம்’ என்ற ஒன்பதரை நிமிடப் பாடலின் நடுப்பகுதியைக் கேட்டபோது, அச்சுக்குப் போகவேண்டிய பக்கத்தை மறந்து உட்கார்ந்துவிட்டேன். முதற்பாகம் என்று பெயரிட்டதே பெற்றூச்சியின் ஒரு வேடிக்கை, இரண்டாம் பாகம் என்று ஒன்று திட்டத்திலேயே இருக்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. இரசிகர்கள் வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

1994 ஒக்ரோபரில் ‘அவேக்’ வந்தது. முன்னையதைவிட இருண்டது, கனமானது. பில்போர்ட் பட்டியலில் 32ஆம் இடம். வானொலிக்கு ஏற்ற பெரும்பாடல் எதுவும் அதில் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு முடிந்து கலவை வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே கெவின் மூர் விலகிவிட்டார். குழுவின் பாடல் வரிகளில் மிக நுண்மையானவை பலவும் அவர் எழுதியவை. அவர் போனதால் கீபோர்ட் வாசிக்க ஆள் இல்லாமற் போனது என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. குழுவின் உள்முகமான, துயரார்ந்த குரல் அவரோடு போய்விட்டது. அவரிடத்திற்கு அலிஸ் கூப்பர், கிஸ் ஆகியோரின் மேடைகளில் வாசித்த டெரெக் ஷெரினியன் வந்தார். வல்லவர். வேறு மரபைச் சேர்ந்தவர்.

இன்னொரு விபத்தும் நடந்தது. இரசிகர்கள் சொல்லும் கதையில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகும். 1994 டிசம்பரில் விடுமுறைக்குக் கியூபா சென்றிருந்த லப்ரிக்கு உணவு நஞ்சாகி, கடும் வாந்தியினால் குரல்நாண்கள் சிதைந்தன. ஓய்வெடுக்குமாறு வைத்தியர்கள் சொல்லியும் அடுத்த மாதமே ஜப்பானில் மேடையேறினார். பழைய உச்சக் குரல் திரும்புவதற்குப் பல ஆண்டுகள் பிடித்ததாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். 1997இன் தொகுப்பில் அவர் தாழ்ந்த, மென்மையான குரலில் பாடுவதை நிறுவனத்தின் கட்டளை என்றே பலர் எண்ணினார்கள். காரணத்தின் ஒரு பாதியாவது அவருடைய தொண்டையில் இருந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1989இலேயே எழுதப்பட்டு, நீளம் காரணமாக ‘இமேஜஸ் அன்ட் வேர்ட்ஸ்’ தொகுப்பில் இடம்பெறாமற் போன ஓர் ஆக்கம் குழுவிடம் இருந்தது. ‘எ சேஞ்ச் ஒஃப் சீசன்ஸ்’ என்பது பெயர். விமான விபத்தொன்றில் தாயை இழந்த போர்ட்னோய் எழுதிய வரிகள் அவை. இணையம் தவழத் தொடங்கியிருந்த அந்நாட்களிலேயே இரசிகர்கள் மின்னஞ்சல் வழியாகக் கையெழுத்துத் திரட்டி, இதனை வெளியிடுமாறு நிறுவனத்தைக் கோரினார்கள். 1995 செப்டெம்பரில் 23 நிமிடப் பாடலாக அது வெளிவந்தது. இசை இரசிகர்கள் இணையத்தின் மூலம் ஒரு பெரிய நிறுவனத்தை இணங்கவைத்த முற்கால நிகழ்வுகளில் ஒன்று இது. அதே நேரத்தில் அந்த இரசிகர்களின் மனத்தில் ஓர் உரிமையுணர்வையும் இது விதைத்தது. எங்கள் குழு, எங்கள் சொல்லைக் கேட்கும் குழு என்ற எண்ணம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் ஏமாற்றம் அத்தனை கசப்பாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1996இல் குழுவினர் புதிய பாடல்களை எழுதி மாதிரிப் பதிவுகள் செய்தனர். இரண்டு இறுவட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட வேண்டும் என்பது அவர்களது விருப்பம். அதற்குப் போதுமான பாடல்களும் கையில் இருந்தன. ‘மெற்ரோபொலிஸ்’ பாடலின் இரண்டாம் பாகமும் அவற்றில் ஒன்று. பாடல்வரிகள் ஏறாத, 21 நிமிட வாத்திய இசை. ஆனால் அட்கோவிலிருந்து ஈஸ்ட்வெஸ்ட் என்று மாறியிருந்த நிறுவனத்தின் நிருவாகமும் அதன் எதிர்பார்ப்புகளும் இப்போது வேறாகியிருந்தன. வானொலிக்கு ஏற்ற, குறுகிய, எளிதில் பற்றிக்கொள்ளும் பாடல்களை அவர்கள் கேட்டார்கள். எழுதிக் கொடுக்கக் கொடுக்க இன்னும் எழுதுமாறு சொன்னார்கள். ஒரு வருடத்திற்கும் மேலாக இந்தக் காத்திருப்பு நீடித்தது. இரட்டை இறுவட்டு என்ற யோசனை மறுக்கப்பட்டது.

தயாரிப்பாளராகக் கெவின் ஷேர்லி நியமிக்கப்பட்டார். தென்னாபிரிக்காவிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் பெயர்பெற்றவர். சில்வர்செயார் என்ற இளைஞர் குழுவின் முதற்தொகுப்பை 1995இல் உருவாக்கியவர். 1997இல் வந்த ஏரோஸ்மித் குழுவின் ‘நைன் லைவ்ஸ்’ தொகுப்பும் அவரது கைவண்ணமே. பாடல்களின் தேவையற்ற தசையை வெட்டி எறிவதில் அவர் தயங்குவதில்லை. இன்னொரு ஏற்பாடும் செய்யப்பட்டது. கிஸ், பொன் ஜோவி, ஏரோஸ்மித் ஆகியோருக்குப் பெருவெற்றிப் பாடல்களை இணைந்து எழுதிக்கொடுத்த டெஸ்மண்ட் சைல்ட் என்பவரிடம் பெற்றூச்சி அனுப்பப்பட்டார். ‘யூ ஓர் மீ’ என்று இருந்த ஒரு பாடல் அங்கே ‘யூ நொட் மீ’ ஆகித் திரும்பியது. அதுதான் நான் முதலிற் குறிப்பிட்ட இரண்டாவது பாடல். வெளியார் ஒருவர் இக்குழுவின் பாடலில் எழுத்துப் பங்காளியானது அதுவே முதற்தடவை.

இந்த இடத்தில் ஒரு பத்திரிகைக்காரனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுரைகளை வெட்டுவதே தொழிலாக நான் நெடுங்காலம் இருந்தவன். ஆயிரத்து இருநூறு சொற்களை அறுநூறாக்கும்போது எழுதியவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்பது தெரியும். பல வேளைகளில் கட்டுரை வெட்டியதனால் உயிர்பெற்றிருக்கிறது. எழுதியவரே சில நாட்கள் கழித்து ஒப்புக்கொண்டதும் உண்டு. ஆனால் வெட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. எழுதியவர் சொல்லவந்ததைத் தெளிவாக்க வெட்டுவது ஒன்று. அவர் சொல்லவந்ததற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்லவைக்க வெட்டுவது மற்றது. முதலாவது ஆசிரியரின் பணி. இரண்டாவது வியாபாரப் பகுதியின் விருப்பம். ஷேர்லி செய்ததில் பெரும்பகுதி முதல் வகை. நிறுவனம் கேட்டதோ இரண்டாவது வகை. 1997இல் இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுமை எனக்கு இருக்கவில்லை.

தொகுப்பைத் திறந்து பார்ப்போம். ‘நியூ மில்லேனியம்’ நல்ல தொடக்கம். ஷெரினியனின் கீபோர்ட் ஒலி அதில் புதிதாக இருந்தது. ‘யூ நொட் மீ’ பற்றி இனிப் பேசுவதற்கில்லை. ‘பெருவியன் ஸ்கைஸ்’ மெதுவாகத் தொடங்கிப் பிங்க் ஃபுளொயிட்டிலிருந்து மெற்றாலிக்கா வரைக்கும் நடந்து செல்லும் பாடல். அந்தக் கடனை அவர்களே அறிந்திருந்தார்கள். மேடையில் இதனிடையே அவ்விரு குழுக்களின் மெட்டுகளையும் செருகி வாசிப்பார்கள். ‘ஹொலோ இயர்ஸ்’ நைலோன் தந்தி கிற்றாரில் தொடங்கும் அமைதியான பாடல். இதுவும் வானொலியை எண்ணிச் செய்யப்பட்டதென்று அன்று ஒதுக்கிவிட்டேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். 2004 ஏப்ரலில் தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் நீண்ட கிற்றார் தனியிசையோடு அவர்கள் வாசித்த வடிவத்தைக் கேட்டபின், அப்பாடலுக்குள் என்ன இருந்தது என்பதும் இறுவட்டில் எது இல்லாமற் போனது என்பதும் விளங்கிற்று.

‘பேர்னிங் மை சோல்’ என்ற பாடலின் நடுப்பகுதியை அறுத்தெடுத்து ‘ஹெல்ஸ் கிச்சன்’ என்ற தனி வாத்திய இசையாக்கியிருக்கிறார்கள். பாடல் நொண்டியானது. அறுத்தெடுத்த துண்டோ தொகுப்பின் மிக அழகான நான்கு நிமிடங்களாயிற்று. வெட்டுக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஒரே நேரத்தில் சாட்சி சொல்லும் இடம் இது. அந்த இசை முடியும் இடத்தில் தொடங்கும் ‘லைன்ஸ் இன் த சான்ட்’ பன்னிரண்டு நிமிடம். கிங்ஸ் எக்ஸ் குழுவின் டக் பின்னிக் இணைந்து பாடியிருக்கிறார். பெற்றூச்சியின் கிற்றார் தனியிசைகளில் முதல் ஐந்துக்குள் வைக்கத்தக்க ஒன்று இதில் இருக்கிறது. ‘ரேக் அவே மை பெயின்’ புற்றுநோயால் இறந்த தந்தைக்காகப் பெற்றூச்சி எழுதியது. துயரம் உண்மையானது, மெட்டு அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

‘ஜஸ்ற் லெற் மீ பிறீத்’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். இசை வணிகத்தையும் எம்.ரி.வி.யையும் நையாண்டி செய்து போர்ட்னோய் எழுதியது. எவருக்கு எதிராக எழுதப்பட்டதோ அவர்களே பணம் கொடுத்து அச்சிட்டு விற்றார்கள். ஒரே இறுவட்டில் இரண்டாம் பாடல் நிறுவனத்துக்கு இணங்குகிறது, ஒன்பதாம் பாடல் அதைத் திட்டுகிறது. இந்தத் தொகுப்பின் நோய் என்னவென்று கேட்டால் இதையே காட்டுவேன். பிறகு ‘அனா லீ’ என்ற பியானோப் பாடல் வந்து வேகத்தை அடியோடு நிறுத்திவிடுகிறது. இறுதியில் மையுங் வரிகள் எழுதிய பதின்மூன்று நிமிட ‘றயல் ஒஃப் ரியர்ஸ்’. இதற்குள் என்னைப் போன்றவர்கள் மனக்கசப்போடு இறுவட்டை நிறுத்தியிருப்பார்கள். மிகச் சிறந்த பாடல் கடைசியில் காத்திருந்தது என்பதை நான் அறிந்துகொள்ள நெடுநாள் எடுத்தது.

விற்பனை நிறுவனத்தையும் திருப்திப்படுத்தவில்லை. பில்போர்ட் பட்டியலில் 52ஆம் இடம். முன்னைய தொகுப்பைவிட இருபது படி கீழே. பெருங்கூட்டத்தைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது பெருங்கூட்டத்தையும் பிடிக்கவில்லை, இருந்த கூட்டத்தையும் மகிழ்விக்கவில்லை. குழுவை விட்டே போய்விடலாம் என்று அக்காலத்தில் எண்ணியதாகப் போர்ட்னோய் பின்னாளிற் பல செவ்விகளில் சொல்லியிருக்கிறார். போகவில்லை. இனி எவரும் தலையிடக்கூடாது என்ற நிபந்தனையோடு அடுத்த தொகுப்புக்கு இறங்கினார்கள்.

இடையில் 1998இல் போர்ட்னோயும் பெற்றூச்சியும் ‘லிக்குயிட் ரென்ஷன் எக்ஸ்பெரிமென்ற்’ என்ற பக்கமுயற்சியில் ஜோர்டன் ரூடெஸ் என்ற கீபோர்ட் கலைஞரோடு சேர்ந்து வாசித்தார்கள். 1999 தொடக்கத்தில் ஷெரினியன் நீக்கப்பட்டு ரூடெஸ் வந்தார். போர்ட்னோயும் பெற்றூச்சியுமே தயாரிப்பாளர்கள். ஒதுக்கப்பட்டிருந்த அந்த ‘மெற்ரோபொலிஸ்’ இரண்டாம் பாகத்தை வித்தாக வைத்து, 1928இல் நடந்த ஒரு கொலையையும் மறுபிறவியையும் சுற்றிய முழுக்கதையாக வளர்த்தார்கள். 1999 ஒக்ரோபரில் வெளிவந்த ‘சீன்ஸ் ஃப்ரொம் எ மெமறி’ இன்றளவும் இந்த வகை இசையின் சிகரங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதிலுள்ள ‘டான்ஸ் ஒஃப் எற்றேர்னிற்றி’ என்ற ஆறு நிமிட வாத்திய இசையில் தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுகிறது.

நிறுவனம் தலையிட்டது, தொகுப்பு கெட்டது. நிறுவனம் விலகியது, காவியம் பிறந்தது. இதுவே இரசிகர்களின் கதை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இதற்குள் அடங்காத சில விடயங்கள் உண்டு. ‘சீன்ஸ் ஃப்ரொம் எ மெமறி’ பில்போர்ட் பட்டியலில் 73ஆம் இடத்தையே எட்டியது. அதாவது எல்லோரும் பழித்த தொகுப்பைவிடக் கீழே. அடுத்தது, அதன் ஒலிக்கலவை. முதலில் செய்யப்பட்ட கலவையில் குழுவினருக்குப் பெரிதும் நிறைவு ஏற்படவில்லை. பெரும்பாலான பாடல்களை மீண்டும் கலவை செய்ய அவர்கள் அழைத்தது யாரைத் தெரியுமா? அதே கெவின் ஷேர்லியை. 2002, 2003ஆம் ஆண்டுகளின் தொகுப்புகளுக்கும் அவரே கலவை செய்தார். இரசிகர்களுக்கு வில்லனாகத் தெரிந்தவர் கலைஞர்களுக்கு வில்லனாகத் தெரியவில்லை.

2007இல் போர்ட்னோய் நடத்திய சொந்த வெளியீட்டு நிறுவனம் 1996-97 மாதிரிப் பதிவுகளை இரண்டு இறுவட்டுகளாக வெளியிட்டது. மறுக்கப்பட்ட அந்த இரட்டைத் தொகுப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை முதன்முறையாக ஒழுங்காகக் கேட்க முடிந்தது. பத்து வருடம் மனத்தில் வைத்திருந்த வழக்கிற்கு இறுதியில் ஆவணம் கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தோடுதான் கேட்கத் தொடங்கினேன். தீர்ப்பு நான் எதிர்பார்த்தபடி வரவில்லை.

‘ரெய்ஸ் த நைஃப்’ என்ற பதினொரு நிமிடத்திற்கும் மேற்பட்ட பாடலை விட்டது பெரும் பிழை. அது தொகுப்பில் இருந்திருந்தால் பலருடைய கோபம் பாதியாகக் குறைந்திருக்கும். குழுவினருக்கும் அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும். 2006 ஏப்ரல் முதலாம் திகதி நியூயோர்க் றேடியோ சிற்றி அரங்கில் நடத்திய இருபதாம் ஆண்டு நிறைவுக் கச்சேரியில் அதை எடுத்து வாசித்தார்கள். ‘ஹொலோ இயர்ஸ்’ பாடலின் மூல வடிவமும் மேலானதே. ஆனால் விடுபட்ட மற்றப் பாடல்கள்? ‘கவர் மை ஐஸ்’, ‘வெயார் ஆர் யூ நௌ’ ஆகியவற்றை இரண்டு தடவைக்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை. ‘யூ ஓர் மீ’ பாடலின் மூலமும் பெரிய பாடல் அல்ல. டெஸ்மண்ட் சைல்ட் ஒரு நல்ல பாடலைக் கெடுத்தார் என்று பழி சொன்னோமே, அவரிடம் போனது நல்ல பாடலாகவே இருக்கவில்லை. சில பாடல்களில் ஷேர்லியின் கத்தரி சரியான இடத்திலேயே விழுந்திருக்கிறது.

அந்த 21 நிமிட ‘மெற்ரோபொலிஸ்’ மாதிரிப் பதிவைக் கேட்டபோது ஒரு திடுக்கிடல் ஏற்பட்டது. 1999இன் பல இசைக்கருக்கள் அதில் அரைகுறையாகக் கிடக்கின்றன. இது 1997இல் அனுமதிக்கப்பட்டிருந்தால், இரட்டைத் தொகுப்பின் ஒரு நீண்ட பாடலாக இது செலவழிந்துபோயிருக்கும். ‘சீன்ஸ் ஃப்ரொம் எ மெமறி’ என்ற ஒன்று, நாம் அறிந்த வடிவில், வந்திருக்காது. நிறுவனத்தின் மறுப்புக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இதை நினைத்து மறுக்கவில்லை. இருந்தாலும் நடந்தது அதுதான்.

இன்னொரு சான்றும் பின்னர் கிடைத்தது. 2010 செப்டெம்பரில் போர்ட்னோய் குழுவை விட்டு விலகினார். 2016 ஜனவரியில், நிறுவனத்தின் தலையீடு எதுவுமின்றி, இரண்டு இறுவட்டுகளில் 34 பகுதிகளோடு, 130 நிமிடம் ஓடும் ‘த அஸ்ரோனிஷிங்’ என்ற கதைத்தொகுப்பைக் குழு வெளியிட்டது. கதை பெற்றூச்சியுடையது, இசை அவரும் ரூடெஸும் அமைத்தது. 1997இல் மறுக்கப்பட்ட சுதந்திரம் முழுவதுமாகக் கையில் இருந்தது. நெடுங்கால இரசிகர்களில் பெரும்பகுதியினர் ‘ஃபோலிங் இன்டு இன்ஃபினிற்றி’ வந்தபோது சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். மென்மையான பாடல்கள் அதிகம், கனம் போதவில்லை, இது எங்கள் குழு இல்லை. இம்முறை குற்றஞ்சாட்ட நிறுவன அதிகாரி எவரும் அகப்படவில்லை. வெட்டுவதற்கு ஒரு ஷேர்லி இருந்திருக்கக் கூடாதா என்று நானே நினைத்தேன்.

2023 ஒக்ரோபரில் போர்ட்னோய் திரும்பிவந்து, 2025 பெப்ரவரியில் ‘பரசோம்னியா’ வெளியானதன் பின்னர் பழைய தொகுப்புகளை வரிசையாக மீண்டும் கேட்டேன். 1997 வந்தபோது வழக்கம்போலத் தாண்டிப் போகாமல் நின்றேன். ‘ஹெல்ஸ் கிச்சன்’ தொடங்கி ‘லைன்ஸ் இன் த சான்ட்’ முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ‘றயல் ஒஃப் ரியர்ஸ்’ முடிந்ததும் அதை இன்னொரு தடவை போட்டேன். மையுங்கின் பேஸ் கிற்றார் முதலில் வந்து மெல்ல மற்றவர்களைக் கூட்டிச் சேர்க்கும் அந்தத் தொடக்கத்தை, 1997இல் கோபத்தோடு இருந்தவன் கேட்காமலே விட்டிருக்கிறான்.

இரண்டாவது பாடல் வரும்போது மட்டும் கை இன்னமும் தானாகவே பொத்தானுக்குப் போகிறது.